ஹாரன் அடிக்காமல் போன பஸ்

சதுரங்கப்பட்டினத்து ஏழுமலைக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் ராமதாஸ். அவனுக்கு ஆறு வயது இளையவள் வரலட்சுமி. ஏழுமலைக்கு அம்மணி என்று ஓர் அக்காள் இருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவள், போனவள்தான். அவளுடைய மகன் சம்பத் எழுபத்து நாலில் கப்பலில் வந்து இறங்கி, மாமன் மகள் வரலட்சுமியைக் கட்டி, வந்த மாதிரியே கப்பலில் கூட்டிக்கொண்டு போனான். தொண்ணூற்று ஒன்றில் சம்பத் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். அவர்களுக்கு ஸ்ரீதேவி என்று ஒரு பெண், ரவிச்சந்திரன் என்று ஒரு பையன். அந்த ஸ்ரீதேவிக்குத்தான் தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் ஆவணி மாதம் கல்யாணம் வைத்தார்கள். மலேசியாவில், சுங்கைப்பட்டாணி என்கிற ஊரில், மாரியம்மன் கோயில் மண்டபத்தில்.

எங்கள் ஜனத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. சரிகைத் தகடு வைத்த பட்டம், பின்மண்டையில் நூலால் முடிச்சுப் போடுவது. மாமன்மார் நாலு பேர் இருந்தால் நாலு பட்டம், ஒன்றின்மேல் ஒன்றாக. மூத்தவன் கட்டுவது முதல் பட்டம். இந்த வரிசை மாறியதால் பந்தியில் இலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய், இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. ஸ்ரீதேவிக்குத் தாய்மாமன் ராமதாஸ் ஒருத்தன்தான். அதனால் வரிசைச் சண்டைக்கு வழியே இல்லை என்று எல்லாரும் நினைத்தோம்.

ராமதாஸ் மறைமலைநகரில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டினான். பதினாறு வருஷமாக ஓட்டினான். காலை ஐந்து பத்துக்குச் சதுரங்கப்பட்டினத்தில் வண்டியை எடுத்து, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில் என்று ஆளை ஏற்றிக்கொண்டு ஏழு மணி ஷிப்டுக்குக் கேட்டுக்குள் நுழைவான். நாற்பத்தாறு தலை. கண்ணாடியில் பார்த்தே எண்ணிவிடுவான். ஒரு தலை குறைந்தால் வண்டி நகராது. மூன்று தடவை ஹாரன் அடிப்பான். அதற்கும் ஆள் வராவிட்டால் பக்கத்து சீட்டுக்காரனை இறக்கி வீட்டுக்கே அனுப்புவான். நேரமாகிறது என்று யாராவது முணுமுணுத்தால், “நாளிக்கு நீ லேட்டா வந்தா இன்னா பண்றது? உட்டுட்டுப் போவட்டா?” என்பான். பதினாறு வருஷத்தில் ஓர் ஆளைக்கூட விட்டுவிட்டு வண்டி எடுத்ததில்லை என்பது அவனுக்குப் பெரிய கௌரவம். சொல்லிக்கொள்ள அவனிடம் வேறு கௌரவம் அதிகம் இல்லை என்பதால் அதையே அடிக்கடி சொல்லுவான்.

பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. எப்படிப் போவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. ராமதாஸின் பெண்டாட்டி பூவாயி, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஜானகிராமன் என்கிற ஆபீசர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அவர் ஆபீஸ் காரியமாக இரண்டு முறை அந்தப் பக்கம் போய் வந்தவர். ராமதாஸை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“கோலாலம்பூர் வரைக்கும் ஃபிளைட். அங்கேயே இன்னொரு சின்ன ஃபிளைட் ஏறிப் பினாங்கு போயிடுங்க. அங்கிருந்து சுங்கைப்பட்டாணி ஒரு மணி நேரம். அது வேண்டாம்னா ரயில் இருக்கு, பட்டர்வொர்த் வரைக்கும் போகும். நிம்மதியா ஜன்னலோரம் உட்கார்ந்துட்டுப் போகலாம்.”

“ஏரோப்ளேன் ஒரு தபா ஏர்றதே எனக்கு ஜாஸ்தி சார். ரயிலும் வாணாம். பஸ்ஸு கீதா?”

“பஸ்ஸும் இருக்கு. அஞ்சு, அஞ்சரை மணி நேரம்.”

“அப்ப பஸ்ஸுதான் சார். நான் பஸ்ஸுக்காரன். பஸ்ஸுல ஏறிக் குந்திட்டா எனக்கு நம்ம வூட்ல கீற மாதிரி.”

செங்கல்பட்டில் டிக்கெட் போட்டுக் கொடுத்த பக்தவத்சலமும் அதற்கு ஒத்து ஊதினான். “அண்ணாத்த, அங்க ரோடு பட்டு மாதிரி. சீட்டுக்கு நம்பர் போட்டுக் குடுப்பான். ஏசி. கண்ண மூடித் தொறந்தா ஊரு.”

பூவாயி மட்டும் புறப்படும்போது ஒன்று சொன்னாள். “போற எடத்துல எவனாவது பானட்டத் தொறந்து வெச்சிக்கினு நின்னா, அங்க போயித் தலைய வுட்டுக்கினு நிக்காத. கல்யாணத்துக்குப் போற. மெக்கானிக் வேலைக்கு இல்ல.”

“எனக்குத் தெரியாதா? நீ வாய மூடு.”

பதிலி டிரைவர் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்து சாவியை வாங்கினான். அதுவரை லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் சனிக்கிழமை விடியலில் கோலாலம்பூர். அன்றைக்குச் சாயங்காலமே முகூர்த்தம், ஆறரையிலிருந்து எட்டு. சாயங்காலத்தில் எவன் தாலி கட்டுகிறான் என்று ராமதாஸுக்கு அதிலேயே ஒரு கோபம். அங்கே எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு வருகிற ஜனம், சாயங்காலம்தான் தோது என்று ரவிச்சந்திரன் எழுதியிருந்தான். “வேலைக்குப் போறவன் நாங்க இல்லையா? நாங்க விடியக்காலைல கட்டல?” என்று கடிதத்தைப் பார்த்தே கேட்டான்.

விமானத்தைப் பற்றி அவனுக்குப் புகார் இல்லை. இறங்கின பிறகு ஆரம்பித்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக ஒரு குட்டி ரயில் விட்டிருந்தார்கள். மணி அடித்தது, கதவு மூடியது, வண்டி ஓடியது. டிரைவர் எங்கே என்று முன்னால் போய்ப் பார்த்தான். கண்ணாடி மட்டும்தான் இருந்தது. சீட்டும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு திருச்சிக்காரரிடம், “இன்னா சார் அநியாயம் இது! ஓட்ற ஆளே இல்லாம இத்தினி பேர ஏத்திக்கினு போவுது. எவன் இதுக்குப் பொறுப்பு?” என்று சண்டை பிடிக்கிற குரலில் கேட்டான். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

ஏர்போர்ட் பஸ் அவனைக் கொண்டுபோய் நகரத்தில் விட்டது. அங்கிருந்து விசாரித்து விசாரித்து புடுராயா என்கிற பெரிய பஸ் நிலையத்துக்குப் போனான். மேலே டிக்கெட் கவுண்டர், கீழே நிலவறை மாதிரி இருட்டில் பஸ் நிற்கிற இடம், ஒரே டீசல் புகை. அந்த வாசனை மூக்கில் ஏறினதும்தான் அவனுக்கு உயிர் வந்தது. பத்து மணி எக்ஸ்பிரஸ். பத்தாவது வரிசையில் ஜன்னலோர சீட். டிரைவர் வலது பக்கத்தில், நம் ஊரைப் போலவே. வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தான். திருப்திதான். பையை மேல் தட்டில் வைத்தான். அதில்தான் பட்டம், காஞ்சிபுரத்தில் எடுத்த கூறைச் சேலை, வரலட்சுமி வீட்டு டெலிபோன் நம்பர் எழுதின காகிதம், எல்லாம். பாஸ்போர்ட் மட்டும் இடுப்பு பெல்ட்டில்.

பக்கத்து சீட்டில் ஒரு சீனக் கிழவர். ஏறினதும் தூங்கிப்போனார். ரோடு பக்தவத்சலம் சொன்ன மாதிரியேதான் இருந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பனை, மைல் கணக்கில். ராமதாஸ் வெளியே பார்த்ததைவிட டிரைவர் கியர் மாற்றுவதைக் காதால் கேட்டுக்கொண்டு வந்தது அதிகம். நன்றாகத்தான் ஓட்டினான் அந்தப் பாவி.

தாப்பா என்கிற ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, வண்டிகள் நின்று போகிற இடம் ஒன்று. சாப்பாட்டுக் கடைகள், கக்கூஸ், லாரி நிறுத்துகிற மைதானம். அங்கே பஸ் நின்றது. டிரைவர் எழுந்து மலாயில் என்னமோ சொன்னான். மினிட் என்பது மட்டும் ராமதாஸ் காதில் விழுந்தது. எத்தனை மினிட் என்றால் என்ன? கிளம்பும்போது ஹாரன் அடிப்பான். ராமதாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, தன் சீட்டின்மேல் போட்டான். இந்த சீட்டுக்கு ஆள் உண்டு, இறங்கியிருக்கிறான், வருவான் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாஷையில் சொல்ல முடியும்? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்ட சீட்டைக் கலெக்டர்கூடத் தொட மாட்டார். சீனக் கிழவரின் காலை இடிக்காமல் தாண்டி இறங்கினான்.

முகம் கழுவினான். டீ குடித்தான். திரும்பி வரும் வழியில் ஒரு காய்கறி லாரி நின்றது. டிரைவர் கேபினைத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினோடு மல்லுக்கு நின்றான். ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கியது. அவனோ தப்பான போல்ட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். ராமதாஸ் நின்றான். இரண்டு எட்டு நடந்தான். மறுபடி நின்றான். தப்பான போல்ட்டை ஒருத்தன் திருகுவதைப் பார்த்துவிட்டு ஒரு டிரைவர் எப்படிப் போவான்?

“யோவ், அது இல்லைய்யா. டைனமோ கீழ கீதே, அந்த போல்ட்டு.”

லாரிக்காரன் நிமிர்ந்தான். “தமிழாண்ணே?” என்றான். சாம் என்று பெயர் சொன்னான். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன். ராமதாஸ் ஸ்பேனரை வாங்கினான். போல்ட்டைத் தளர்த்தினான். காது மட்டும் பஸ் பக்கமே இருந்தது. ஹாரன் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தான். பஸ் நின்ற இடத்தில் தரை காலியாக இருந்தது.

ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினான். ஐம்பத்தோரு வயதில், கையெல்லாம் கிரீஸோடு, நெடுஞ்சாலையில் சேர்கிற வளைவு வரை ஓடினான். தூரத்தில் பஸ்ஸின் பின்கண்ணாடி ஒருமுறை மின்னிவிட்டுப் போனது. “டேய்! துண்டு போட்டிருந்தேன்டா!” என்று கத்தினான். அதைக் கேட்க அங்கே எண்ணெய்ப் பனைதான் இருந்தது.

சாப்பாட்டுக் கடை நடத்துகிற தமிழ் அம்மாள் ஒருத்தி வெளியே வந்தாள். “அங்கிள், பஸ்ஸு போயிருச்சா?”

“இன்னாம்மா அநியாயம் இது! ஹாரன் அடிக்காம வண்டிய எடுக்கறானே, அவன் டிரைவரா? தலைய எண்ண மாட்டானா? ஒரு தலை கொறையுதே, கண்ணு அவிஞ்சா பூடுச்சு?”

“பதினஞ்சு நிமிசம்னு சொல்லிருப்பாங்க லா. அதுக்கு மேல நிக்க மாட்டாங்க,” என்றாள், பேச்சின் வாலில் அந்த ஊர் ‘லா’வை ஒட்டி.

“நான் சீட்டு மேல துண்டு போட்டுட்டு எறங்குனேம்மா!”

அந்த அம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “துண்டா? எதுக்கு?”

ராமதாஸ் பஸ் போன ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். அவள் தமிழச்சி, அவள் பேசுவது தமிழ். அவளுக்கே தெரியவில்லை என்றால், தூங்கி எழுகிற சீனக் கிழவருக்கு என்ன தெரிந்திருக்கும்? யாரோ தன் ஊரில் இறங்கிப்போய்விட்டான், துண்டை மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவன் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. இவர்களெல்லாம் கப்பலேறினபோது பாஷையைக் கொண்டுவந்தார்கள், சாமியைக் கொண்டுவந்தார்கள், துண்டு போடுகிறதை மட்டும் ஏன் விட்டுவிட்டு வந்தார்கள்?

மணி பன்னிரண்டரை. முகூர்த்தத்துக்கு ஆறு மணி நேரம். சுங்கைப்பட்டாணிக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். போன் பண்ணலாம் என்றால் நம்பர் பையில், பை பஸ்ஸில். கடை அம்மாள் இரக்கப்பட்டு வழி சொன்னாள். தாப்பா ரோட்டில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் பகல் ரயில் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். டாக்ஸி கூப்பிடலாம், அவன் கேட்பது இவன் கையில் இருக்கிறதைப்போல இரண்டு பங்கு. வருகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸைக் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்டுப் பார்த்தான். ஒன்றன்பின் ஒன்றாக நாலு பஸ். நாலிலும் சீட் காலி, அவன் கண்ணாலேயே எண்ணினான். முதல் டிரைவர் கையை ஆட்டினான். இரண்டாமவன் டிக்கெட், டிக்கெட் என்றான். மூன்றாமவன் கதவையே திறக்கவில்லை. நாலாமவனிடம் ராமதாஸ் தன் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்து, “மீ டிரைவர்! யூ டிரைவர்!” என்றான். அவன் சிரித்தான். பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

“நடு ரோட்ல கை காட்டினா மாட்டு வண்டிக்காரன்கூட நிறுத்துவான்மா எங்க ஊர்ல,” என்று ராமதாஸ் கடை அம்மாளிடம் சொன்னான். “இருவது சீட்டு காலியா கீது. என்னை ஏத்தினா டயரு அமுங்கிடுமா?”

லாரிக்கார சாம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். “அண்ணே, என்னாலதான் இப்படி ஆச்சு.”

“உன்னாலதான்! தப்பான போல்ட்ட நீ ஏன்யா திருகினே?”

“சுங்கைப்பட்டாணி தாண்டி அலோர்ஸ்டார் வரைக்கும் போறேன். வழியில புக்கிட் மெர்த்தாஜம் மார்க்கெட்டுல பாதி சரக்க இறக்கணும். கூட்டாளி டவுன்லருந்து பெல்ட்டு கொண்டாறான். வந்ததும் கெளம்பிரலாம்ணே.”

பெல்ட் வருவதற்குள் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கூட்டாளி மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் ராமதாஸ் பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டான். பத்து நிமிஷத்தில் மாட்டினான். கேபினை இறக்கி, சாமை ஓட்டுநர் சீட்டில் கிட்டத்தட்டத் தள்ளினான்.

வழியெல்லாம் பேச்சு அதுதான். “உங்க ஊர்ல ஹாரனே இல்லையா? ஒருத்தனும் அடிக்க மாட்டேன்றானே?”

“இங்க ஹாரன் அடிச்சா இறங்கிச் சண்டைக்கு வந்துருவாங்கண்ணே. திட்டற மாதிரி அது.”

“திட்டற மாதிரியா? நாங்க அடிக்கறது கூப்புட்ற மாதிரிய்யா!”

சாம் சிரித்தான். ராமதாஸ் சிரிக்கவில்லை. சாமுக்குப் பூர்வீகம் எது என்று கேட்டான். தெரியாது என்றான் சாம். தாத்தா பெயர்? தெரியும். தாத்தாவின் ஊர்? தெரியாது. “ஊர் பேரு தெரியாமகூட ஒருத்தன் இருப்பானா?” என்று அதற்கும் ஒரு பாட்டம் கோபப்பட்டான். ஈப்போ தாண்டி மலையடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. லாரி நாற்பதில் ஊர்ந்தது.

“தங்கச்சியக் கடைசியா எப்பண்ணே பாத்தீங்க?” என்று சாம் கேட்டான்.

“எழுபத்தி நாலுல. கப்பல் ஏத்திவுட்டப்ப.”

சாம் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான்.

புக்கிட் மெர்த்தாஜம் மார்க்கெட்டில் இறக்குகிற ஆட்கள் வந்து சேர அரை மணி ஆகும் என்றார்கள். ராமதாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே ஏறி, முட்டைக்கோஸ் கூடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. முகூர்த்தத்துக்கு என்று உடுத்தி வந்த வெள்ளைச் சட்டை முன்பக்கம் கிரீஸ், பின்பக்கம் சேறு. மறுபடியும் லாரி. மணி ஆறு. ஆறரை. சுங்கைப்பட்டாணிக்குள் நுழையும்போது ஆறு ஐம்பது. மாரியம்மன் கோயில் வாசலில், கார்களுக்கு நடுவில், சாம் லாரியை நிறுத்தினான்.

“ஓடுங்கண்ணே!”

உள்ளே நாதசுரம் கேட்டது. ராமதாஸ் செருப்பை உதறிவிட்டு மண்டபத்து வாசலுக்கு ஓடினான். நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணவறையில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் படத்தில் மட்டும் பார்த்திருந்த அம்மணி அத்தையின் அதே மூக்கு. பின்னால் ஒல்லியான பெரியவர் ஒருவர் நின்றுகொண்டு அவள் நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏய்! யாருய்யா நீ? எடுய்யா கைய!”

நாதசுரம் அப்படியே நின்றது. நானூறு தலை திரும்பியது. பெரியவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் அதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். “யாரு இந்த ஆளு? குடிச்சிருக்காரா?”

மணவறைக்குக் கீழே தூணோரமாக ஒரு பெண்பிள்ளை நின்றிருந்தாள். தாலி இல்லாதவள் மேலே ஏறக்கூடாது என்று அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவள்தான் வரலட்சுமி. நாற்பத்தைந்து வயது, பாதித் தலை நரைத்திருந்தது. கப்பல் ஏறினபோது இருபது வயது. அவள் மெதுவாக நடந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

“வாங்கண்ணா. கை கழுவிட்டு உக்காருங்க. பசியாறினீங்களா?” என்றாள், அந்த ஊர்ப் பேச்சில், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

“இன்னா லட்சுமி இது? எவனோ பட்டம் கட்றான்! நான் உசுரோட கீறேனே! உங்க ஊரு பஸ்ஸுக்காரன் என்னை நடு ரோட்ல உட்டுட்டுப் பூட்டான். ஹாரன்கூட அடிக்கல. பையி மட்டும்…”

“பை வந்துடுச்சு. மூணரைக்கே பஸ்ல வந்துச்சு, உள்ள இருந்த நம்பரப் பாத்து போன் பண்ணாங்க. ரவி உங்களுக்காக இன்னும் பஸ் ஸ்டேஷன்லதான் நிக்கறான்.”

“பைய மட்டும் பாத்தியே, ஆளு எங்கன்னு தெரிய வாணாமா? பத்து நிமிஷம் நிறுத்தக் கூடாதா? முகூர்த்தம் எட்டு வரைக்கும் கீது. ஒரு ஆளு கொறையுதுன்னு தெரிஞ்சா நான் வண்டிய நவுத்த மாட்டேன். பதினாறு வருஷமா நவுத்துனதில்ல!”

அப்போதுதான் வரலட்சுமியின் பேச்சு மாறிற்று. இருபத்தைந்து வருஷமாக எங்கோ அடியில் கிடந்த சதுரங்கப்பட்டினம் அப்படியே மேலே வந்தது.

“இன்னாண்ணா நிறுத்தறது? எத்தினி வருஷம் நிறுத்தறது? அவுரு செத்தப்ப நான் பொணத்த வெச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்தேன். பொறந்த வூட்லருந்து கோடி கொண்டாந்து என் தலைமேல போடணும். நீ வந்தியா? லீவு இல்லன்னு தந்தி குடுத்த. கோடித் துணிய பார்சல்ல அனுப்பின. கருமாதி முடிஞ்சு ஒன்றரை மாசம் கழிச்சு வந்துச்சு. தபால்காரன் கையெழுத்துப் போடச் சொன்னான். கோடிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினவ இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான்! இன்னிக்கும் பாரு, பையி வந்துச்சு, நீ வரல. உங்கிட்டருந்து எனக்கு எப்பவும் பார்சல்தான் வருது.”

அவள் மணவறையில் நின்ற பெரியவர் பக்கம் கையைக் காட்டினாள்.

“இவுரு தாமோதரன் அண்ணன். தோட்டத்துல கணக்கு எழுதிக்கினு இருந்தவரு. அன்னிக்கு இவுருதான் தன் கையால கோடி வாங்கியாந்து போட்டாரு. எம் பொண்ணு வயசுக்கு வந்தப்போ தாய்மாமன் மொறைக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டினது இவுரு. பஸ்ஸு உன்னை உட்டுட்டுப் போனதால நான் இவுர நிக்கவெச்சேன்னு நெனச்சிக்காத. நீ நேத்தே வந்து எறங்கியிருந்தாலும் முத பட்டம் இவுருதான். ஆடி மாசமே முடிவு பண்ணிட்டேன்.”

“அப்ப நான் எதுக்குடி இம்மாந்தூரம் வந்தேன்?”

“ரெண்டாவது கட்ட.”

“நான் கூடப் பொறந்தவன்டி!”

“அதனாலதான் ரெண்டாவதாவது குடுத்தேன்.”

ராமதாஸ் வாசல் பக்கம் திரும்பினான். ஒரு நிமிஷம், போய்விடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவனே அப்படித்தான் நினைத்தான். சாமின் லாரி போய்விட்டிருந்தது. இலையை எறிந்துவிட்டுப் போகிறவனுக்கு வீடு நாலு தெரு தள்ளி இருக்க வேண்டும். கடல் தாண்டி வந்தவன் எதில் ஏறிப் போவான்?

அவன் காலை அசைக்காமல் நின்றது அதனால் மட்டும் இல்லை. தந்தி கொடுத்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பதிலி டிரைவர் இல்லை என்று மேனேஜர் சொன்னது உண்மை. பாஸ்போர்ட் இல்லாததும் உண்மை. ஆனால் அன்றைக்கு அவன் மேனேஜரிடம் ஒரு தடவைதான் கேட்டான். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாற்பத்தாறு பேர் ஸ்டாப்பில் நிற்பார்களே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கண்ணாடியில் தெரியாத தலை ஒன்று எங்கேயோ குறைந்துகொண்டிருந்தது அவன் எண்ணிக்கையில் வரவே இல்லை.

அதற்காக அவன் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முகம் அப்படியே சிவந்துதான் இருந்தது.

“மாமா,” என்றது மணவறையிலிருந்து ஒரு குரல். ஸ்ரீதேவி. பிறந்து இருபத்துமூன்று வருஷத்தில் அவனை நோக்கி அவள் சொன்ன முதல் வார்த்தை. “வாங்க லா மாமா. எனக்குக் கழுத்து வலிக்குது.”

யாரோ ஒரு மூலையில் களுக்கென்று சிரித்தார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். ராமதாஸ் போய்க் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கிரீஸ் முழுசாகப் போகவில்லை. பை மணவறை ஓரத்தில் இருந்தது. திறந்து பட்டத்தை எடுத்தான். படியேறினான்.

தாமோதரன் ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார். “நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் நான் வேணாம்னுதான் சொன்னேங்க. தங்கச்சி கேக்கல.”

“தங்கச்சியாம்,” என்று ராமதாஸ் பல்லுக்குள் முணுமுணுத்தான்.

முதல் பட்டத்துக்குமேல் தன் பட்டத்தை வைத்தான். கூடைகளைத் தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போயிருந்தது. பட்டம் வழுக்கியது. தாமோதரன் இரண்டு விரலை நீட்டி அதைப் பிடிக்க வந்தார்.

“தொடாத. எனக்குக் கட்டத் தெரியும்.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். ராமதாஸ் மறுபடியும் வைத்தான். நூலைப் பின்னால் கொண்டுபோனான். பட்டம் பெண்ணின் புருவத்துக்கு இறங்கிவந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. இரண்டு பட்டத்தை ஒற்றை ஆள் கட்ட முடியாது, ஒருவர் முன்னால் அழுத்திப் பிடித்தால்தான் மற்றவர் பின்னால் முடிச்சுப் போட முடியும். நாலு மாமன்மார் உள்ள வீட்டில் இது குழந்தைக்கும் தெரியும். ஒற்றை மாமனாகவே இருந்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கீழே தூணோரம் வரலட்சுமி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, புடிங்க,” என்றான் ராமதாஸ், தாமோதரன் முகத்தைப் பார்க்காமல். “அழுத்திப் புடிங்க. நவுராம.”

தாமோதரன் பிடித்தார். ராமதாஸ் முடிச்சுப் போட்டான். ஒன்று போட்டு, போதாது என்று இன்னொன்றும் போட்டான்.